குளிக்காமல் மழையை நிறுத்திய லஸ்மினா

கராங்துரி என்ற மலைக்கிராமத்தில் யார் குளித்தார்கள், யார் குளிக்கவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தண்ணீர் லாரி வந்தால் குளிப்பார்கள். வராவிட்டால் ஏரியில் மிச்சம் கிடக்கும் கலங்கலில் ஒப்பேற்றிவிட்டு வருவார்கள். லஸ்மினா விஷயம் மட்டும் வேறு. அவள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் போதும், எதிர்வீட்டிலிருந்து குரல் வந்துவிடும்.

"யூ! கொஞ்சம் பொறுங்க யூ, மரவள்ளி வெளிய காயுது, எடுத்து வச்சிடறேன்!"

யூ என்றால் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டிய லஸ்மினா ஊருக்கே அக்கா. புருஷன் த்ரிமான் ஜகார்த்தாவில் தள்ளுவண்டியில் இறைச்சி உருண்டை சூப் விற்கிறான், நோன்புப் பெருநாளுக்கு மட்டும் முகம் காட்டுவான். அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன மேட்டு நிலம், இரண்டு ஆடு. இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் இருப்பதுதான். அவளிடம் மட்டும் இருப்பது மழை.

கல்யாண வீட்டில் மழையைத் தடுக்க ஒரு ஆளை வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த ஆள் விருந்து முடியும்வரை குளிக்கக் கூடாது. அவர் மேலே தண்ணீர் பட்டால் வானமும் திறந்துகொள்ளும். வீட்டுக்காரர்களும் குளிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஈர்க்குச்சியில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி வாசல் மூலையில் நட்டு வைப்பதும் உண்டு. இதை எல்லாம் கற்றுத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். லஸ்மினா அதில் எதையும் கற்றவளில்லை, பாவம். அவளுக்கு அன்றைக்குச் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போது அவள் இளவயதுக்காரி. எந்த விருந்து என்றாலும் கொல்லைப்புறத்தில் வெங்காயம் உரிக்கும் கும்பலில் கடைசி ஆள். பேர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஏய், அந்த வெங்காயக்காரியைக் கூப்பிடு" என்பார்கள். ஒரு மழைக்காலக் கல்யாணத்துக்குச் சளியும் இருமலுமாக வந்து உட்கார்ந்தாள். பல நாளாகத் தண்ணீரைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக "இங்க புகை அதிகம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். மத்தியானம் மலை உச்சியில் கருமேகம் திரண்டது. மழை தடுக்க வந்திருந்த வெளியூர்க்காரரைத் தேடினால், மனுஷன் தலை ஈரத்தோடு பின்பக்கத்திலிருந்து வருகிறார்! வெயில் தாங்கவில்லையாம், இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டாராம். வீடே பதறியது. ஆனால் மேகம் பந்தல்வரை வந்து, என்ன நினைத்ததோ, அப்படியே கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

"அப்ப யாரு தடுத்தது? இங்க யாரு குளிக்காம இருக்கா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

எல்லா மூக்கும் ஒரே பக்கம் திரும்பின.

அன்றோடு வெங்காயம் உரிப்பது போயிற்று. முன்பந்தலில் ஒரு நாற்காலி, கையில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீர், சாப்பாட்டில் கோழித்தொடை. "யூ லஸ்மினாவுக்கு வச்சாச்சா?" என்று கேட்காமல் பந்தி தொடங்காது. மந்திரம் தெரியாதே என்று முதலில் பயந்தாள். பிறகு வாய்க்குள்ளேயே புருஷனின் அண்ணன் தம்பிகளை வரிசையாகத் திட்டக் கற்றுக்கொண்டாள். உதடு மட்டும் அசையும், கண் மூடியிருக்கும். பார்ப்பவர்களுக்குப் புல்லரித்துவிடும். அத்தனை மைத்துனன்மாரையும் திட்டி முடிக்க நேரமும் நிறைய ஆகும்.

சில கல்யாணங்களில் மழை பெய்யத்தான் செய்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "இந்த வீட்டுல யாரு குளிச்சது?" கல்யாண வீட்டில் யாராவது ஒருத்தராவது குளித்திருக்க மாட்டார்களா? மாமன் மகளோ சித்தப்பனோ முழித்துக்கொண்டு நிற்க, ஊரே சேர்ந்து அவர்களைப் பிடித்துக்கொள்ளும். லஸ்மினா தேநீரை உறிஞ்சுவாள். தொழுகைக்குக் கை கால் கழுவுவது குளியலில் சேராது என்பதும் அவளே போட்ட சட்டம்தான். அதை மழையும் ஒத்துக்கொண்டது.

இப்படிக் கெட்டிக்காரத்தனமாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் இந்த வருஷம் மண் விழப் பார்த்தது.

ஊர்த்தலைவர் பாக் லுராவின் மகளுக்குக் கல்யாணம். நாள் பொருத்தம் பார்த்து, இந்த நாளை விட்டால் அடுத்த வருஷம்தான் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வோனோகிரிக்காரர்கள், பேருந்து பிடித்து வருகிறார்கள். தலைவரின் பெண்டாட்டி பு லுரா ஆள் அனுப்பியதும் லஸ்மினா குளியலை நிறுத்தினாள். அதுவரை எல்லாம் சரி. ஆனால் ஊரில் எல்லாரும் அதற்கு முன்பே புழுதி விதைப்பு முடித்திருந்தார்கள். முதல் மழை எந்நேரமும் இறங்கும் என்று நம்பிக் காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை தள்ளிப்போனது. சாயங்காலம் மேகம் வரும், உறுமும், போய்விடும். ஊர் கணக்குப் போட்டது. மேகம் எதற்குத் திரும்பிப் போகிறது? அங்கே ஒருத்தி குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே!

முதலில் வந்தவள் பக்கத்துவீட்டு சாகிரா, லஸ்மினாவின் உயிர்த்தோழி.

"ஏன் யூ, உன் மனசுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா?"

"எங்கிருந்துடி இருக்கும்? நான் குளிச்சே எத்தனை நாளாச்சு."

"விளையாடாத. எறும்பு என் நெல்லை இழுத்துட்டுப் போகுது. நீ ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவ?"

"பு லுராகிட்ட வாக்குக் குடுத்திருக்கேனே."

"அவங்களுக்கென்ன, கடையில அரிசி வாங்குவாங்க. நாம?"

சாகிரா கோபமாகப் போய்விட்டாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சோப்பு. மத்தியானம் இன்னொன்று, மல்லிகை வாசனை. அதற்கு அடுத்த நாள் ரோஜா, எலுமிச்சை, குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பு, யாரோ பாதி தேய்த்துவிட்டு வைத்தது ஒன்று. விவசாயி ஜுமாலி இருக்கிறானே, அவன் ஒரு படி மேலே போய்த் தன் மோட்டார் சைக்கிளில் இரண்டு குடம் தண்ணீரே கொண்டுவந்து இறக்கினான்.

"யூ, சும்மா இருக்கட்டும்னு வச்சிட்டுப் போறேன். தவறி மேல கொட்டிக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தண்ணிப் பஞ்சத்துல இது ஏது ஜுமாலி?"

"மாட்டுக்கு வச்சிருந்தது. மாடே சொல்லிடுச்சு, எனக்கு வேணாம், முதல்ல யூவைக் குளிப்பாட்டுன்னு."

வெளியே நின்றவர்கள் கெக்கெக்கென்று சிரித்தார்கள். லஸ்மினாவும் சிரித்தாள், ஆனால் குடங்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலம் கடைக்குப் போகும்போது மாடிப்படி மேலிருந்து ஒரு பாத்திரம் தண்ணீர் வந்து விழுந்தது. நூலிழையில் தப்பினாள். "அய்யோ, பார்க்கலியே யூ!" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு அவள் குடை இல்லாமல் வெளியே இறங்கவில்லை. பாறை பிளக்கிற வெயிலில், ஒரு சொட்டு மழைக்கு வழியில்லாத ஊரில், மழையைத் தடுக்கிறவள் குடையை விரித்துக்கொண்டு சுவரோரமாகப் பம்மிப் பம்மி நடந்ததைக் கராங்துரி இன்றும் நடித்துக் காட்டிச் சிரிக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் நிலத்துக்குப் போய் விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். போட்ட நெல் போட்டபடியே கிடந்தது, சில இடத்தில் அதுவும் இல்லை. அவள் விதையும் அந்தப் புழுதியில்தானே கிடக்கிறது! குளித்துவிடலாம். ஆனால் குளித்தும் மழை வராவிட்டால்? இத்தனை வருஷம் சளியை வைத்துப் பிழைத்தவள் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்கும், நாற்காலி போகும். குளித்து, மழை வந்து, கல்யாணம் கெட்டால்? பு லுரா உயிரோடு விடமாட்டாள். குளிக்காமலே இருந்தால்? சாகிரா இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நேராகப் பு லுரா வீட்டுக்குப் போனாள்.

பு லுரா பின்கட்டில் அப்பளம் பொரிப்பவர்களை மேய்த்துக்கொண்டிருந்தாள். லஸ்மினா அவளைத் தனியே அழைத்துப்போய், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சளி, மூக்கு, மைத்துனன்மார் வரை ஒன்றையும் விடவில்லை.

"எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது பு லுரா. அல்லா மேல சத்தியம். நான் வெறும் ஆளு. என்னை விட்டுடுங்க."

பு லுரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் யூ. மழையை நிறுத்துறதுக்கு நீ என்ன குழாயா?"

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிடறீங்க? கோழித்தொடை வேற?"

"மழை வந்துட்டா திட்ட ஒரு ஆள் வேணுமில்ல? சம்பந்தி முன்னாடி பந்தல் இடிஞ்சு விழுந்தா, பொண்ணு ராசி சரியில்லைன்னு சொல்வாங்க. அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்ன நான் உன்னைத் திட்டிடணும். தடுக்க வந்தவ கோட்டை விட்டுட்டான்னு பேச்சு உன்மேல போயிடும். கடவுளைத் திட்ட முடியுமா சொல்லு? உன்னைத் திட்டலாம். அதுக்குத்தான் நாற்காலி."

இத்தனை காலமும் ஊரை ஏமாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவள் லஸ்மினா. ஊரோ அவளுக்குத் தொடையைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது! அவமானத்தில் காது சுட்டது. விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். தெருமுனை வருவதற்குள் அவமானம் ஆத்திரமாகி, வீட்டு வாசலை மிதிக்கும்போது அந்த ஆத்திரமும் ஒரு குறும்பாக மாறிவிட்டது.

துணிக்கூடையில் அத்தனை சோப்பையும் அள்ளிப் போட்டாள். குடையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். வாசலில் நின்று, "சாகிரா! ஏ சாகிரா! வாடி, முதுகு தேச்சுவிட ஆள் வேணும்!" என்று கத்தினாள்.

ஏரிக்குப் போகிற வழியெங்கும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஜுமாலி தன் குடங்களோடு ஓடிவந்து, கரையோடு விரட்டப்பட்டான். முழங்கால் தண்ணீர்தான், அதுவும் பழுப்பு நிறம். புடவை போலச் சுற்றிய துணியை மார்புவரை கட்டிக்கொண்டு லஸ்மினா இறங்கி உட்கார, மல்லிகை ஒரு கை, ரோஜா ஒரு கை என்று ஆளாளுக்குத் தேய்த்தார்கள். நுரையில் அவள் முகமே தெரியவில்லை. சாகிரா தேய்த்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "எவ்வளவு அழுக்குடி யூ!" என்றாள்.

சாயங்காலம் பு லுரா வீட்டில் அவள் நுழையுமுன் அவள் வாசனை நுழைந்தது. பு லுராவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"யூ, நீ குளிச்சிட்டியா?"

"குளிச்சேன், நல்லா."

"ஏன்?"

"யோசிச்சுப் பாருங்க பு லுரா. நான் குளிக்காம இருந்து மழை வந்தா எதைச் சொல்லித் திட்டுவீங்க? இப்ப வாய் நிறையத் திட்டலாம். வேலைன்னு வந்தா ஒழுங்கா செய்யணுமில்ல?"

பு லுராவின் முகம் வெளுத்துவிட்டது. நம்பவே இல்லை என்று சொன்னவளுக்கு ஏன் முகம் வெளுக்கிறது? லஸ்மினா அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பார்த்ததில் பாதி அவமானம் அங்கேயே கழிந்தது.

மறுநாள் மணமக்கள் மேடையில் உட்கார்ந்து, விருந்தினர் கைக்குச் சாதத் தட்டு போய்க்கொண்டிருக்கும்போது முதல் சொட்டு விழுந்தது. அடுத்து வானமே விழுந்தது. பந்தல் துணி வயிறு பெருத்துத் தொங்கி ஒரு பக்கமாகக் கிழிந்தது. ஒலிபெருக்கி இருமி அடங்கியது. மாப்பிள்ளையின் பெரியம்மா சாதத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். உள்ளூர் ஆண்கள் மட்டும் ஓடவில்லை. நனைந்தபடி நின்று, சம்பந்தி பார்க்கிறார்களே என்று சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். லஸ்மினா தன் கையை மோந்து பார்த்தாள். நானா? சீச்சீ. நானாகவும் இருக்குமோ?

அதற்குள் பு லுரா வந்துவிட்டாள்.

"குடியைக் கெடுத்தியேடி பாவி! ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு? சோப்பு கேக்குதோ சோப்பு! என் பொண்ணு கல்யாணத்துல தண்ணியை ஊத்திட்டியே!"

லஸ்மினா தலையைக் குனிந்து நின்றாள். நடுவில் பு லுராவுக்கு மூச்சு வாங்கியபோது, "மாப்பிள்ளையோட சித்தப்பா பார்க்கறாரு, கொஞ்சம் சத்தமா" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தாள். பு லுரா சத்தத்தைக் கூட்டினாள். பெண்ணின் ராசியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெற்கே அவள் நிலத்துப் பக்கம் மழை வெள்ளைத் திரையாக நின்றது. அதைக் கடைக்கண்ணால் பார்த்தபோது அவள் வாய் தானாகச் சிரிக்கப் போய், பல்லைக் கடித்து அடக்க வேண்டியிருந்தது.

திட்டு ஓய்ந்து எல்லாரும் வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்றபோது, மாப்பிள்ளையின் பெரியம்மா முடியில் ஒட்டிய சோற்றை உதிர்த்துக்கொண்டே அவளிடம் நகர்ந்து வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"யூ, நேத்து நீங்க குளிச்சதாலதான் இந்த மழைன்னு சொல்றாங்களே, நிசந்தானா?"

"ஏன் கேக்கறீங்க?"

"எங்க ஊர்ல இன்னும் ஒரு சொட்டு இல்ல. பேருந்துல ஒரு இடம் காலியா இருக்கு. வந்து ஒரே ஒரு தடவை குளிச்சுட்டுப் போறீங்களா?"

லஸ்மினா கண்ணை மூடி, உதட்டை அசைத்து, மூத்த மைத்துனனிலிருந்து கடைசி மைத்துனன்வரை ஒருவர் விடாமல் நிதானமாகத் திட்டி முடித்தாள்.

"ஜன்னலோர இடம்னா வரேன்" என்றாள்.