கசப்பு ஏறிய ரத்தம்

பச்சைச் சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அழகையா நாக்கை வெளியே நீட்டிக் காட்டுகிறார். முகத்தில் ஒரு சுளிப்பாவது இருக்க வேண்டுமே, இல்லை. பக்கத்து வீட்டு இசக்கி வாயைப் பிளந்து பார்க்கிறாள். சிறியாநங்கை இலையை நுனிநாக்கில் வைத்தாலே அவளுக்குக் குமட்டும்.

"சீனி வருத்தத்துக்கு இதாம் புள்ள மருந்து. கசப்பு உள்ள போனா சீனி வெளிய ஓடிரும். நான் குளிசையத் தொட்டே வருசமாச்சு."

சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி நீலகிரியின் ஓவேலிக்கு வந்தவர். சர்க்கரை நோயைச் சீனி வருத்தம் என்பதும் மாத்திரையைக் குளிசை என்பதும் தேநீரைத் தேத்தண்ணி என்பதும் அவர் பேச்சை விட்டு இன்னும் போகவில்லை. எஸ்டேட் வேலை முடிந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் உட்கார்ந்த பிறகும், விடிந்ததும் தேயிலைக்குள் ஒரு சுற்றுப் போய்வராவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. செருப்பு கிடையாது. மழைக்காலத்தில் அங்கே இலைக்கு இலை அட்டை தலைதூக்கி நிற்கும். மற்றவர்கள் உப்பும் புகையிலையும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு இறங்குவார்கள். சிறியாநங்கை தின்றவன் ரத்தம் பாம்புக்கே ஆகாது என்று ஊரில் சொல்வதுண்டு. அதில் இவர் அட்டையையும் சேர்த்துக்கொண்டார்.

"வாய வைக்கும், கசக்கும், விட்டுட்டு ஓடிரும்."

ஊர்வது தெரியவில்லை, அரிப்பும் இல்லை. அவருக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உண்மையான சாட்சி மனைவி ஆண்டாயியிடம் இருக்கிறது. அவர் திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்ததும் அவள் தரையைப் பார்ப்பாள். வாசலிலிருந்து கட்டில்வரை சிவப்பாகப் பாதத் தடங்கள். விரலிடுக்கில் குடித்துக் கொழுத்த அட்டை ஒன்று இன்னும் தொங்கும். உப்பைத் தூவி எடுப்பாள்; அவர் கால் அசையாது. தொடுவது மனைவியா அட்டையா என்றே அவருக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது.

ஒருநாள் அவள் துடைப்பதற்குள் அவரே தடங்களைப் பார்த்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நமக்கு முந்தி இந்த லயத்துல செத்தாளே ஒருத்தி, அவதான் வந்துட்டுப் போறா. வெளக்க ஏத்து" என்றார்.

"உங்க காலுதான் அது" என்றாள் ஆண்டாயி.

"போடி, என் காலு எனக்குத் தெரியாதா?"

அதன்பின் அவள் தினமும் தடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சைக் கேட்டு இசக்கியும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் பொறுக்கவில்லை. லயத்துக்கு வரும் நர்ஸ் சுமலதாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

சுமலதா பாதத்தைத் திருப்பினாள். பெருவிரலுக்கு அடியில் ஒரு குழி. ஓரம் வெளுத்து, நடுவில் கருத்திருந்தது.

"ஏனுங்கய்யா, கசப்பெல்லாம் நாக்கோட சரிங்க. ரத்தத்துச் சக்கரை அதுல கரையாதுங்க. சக்கரை ஏறி நரம்பு மரத்துப் போச்சு, அதான் உங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்லைங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. விட்டா காலையே எடுக்க வேண்டி வரும்."

"மரத்த காலா காடு மேடெல்லாம் நடக்குது?" அழகையா சிரித்தார்.

"அப்பக் கண்ண மூடுங்க. நான் தொடறப்பெல்லாம் சொல்லுங்க. எல்லாம் சரியாச் சொல்லிட்டீங்கன்னா நான் போயிடறேனுங்க."

மூடினார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சுமலதா உறையிலிருந்து எடுத்த நைலான் இழை அவர் குதிகாலில் பட்டு வளைந்தது. பெருவிரலில் வளைந்தது. புண்ணின் ஓரத்தில் வளைந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வாசலில் மூடுபனி வந்து நின்றது. சுமலதா இழையை உறைக்குள் போட்டுவிட்டு மெல்ல எழுந்து ஆண்டாயியின் பக்கம் வந்து நின்றாள்.

அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. கண்ணைத் திறக்காமலே, யாரும் தொடாத அந்தக் காலைக் கூச்சத்தோடு கொஞ்சம் இழுத்துக்கொண்டு, "ஆங், இப்ப தொடுறீங்க" என்று விரலை உயர்த்தினார்.