ஐந்தாம் மிதவையில் தென்னை ஓலை

காவல் படகு ஓட்டும் எம்போங்கைப் பற்றி அவர் மனைவி சவுதா, டுங்குன் சந்தையில் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. "எங்க வீட்டுக்காரர் சத்தம் போட்டே நான் கேட்டதில்லை" என்பாள். எப்படிக் கேட்பாள்? மாதத்தில் பாதி நாள் கடலில் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்திவிட்டு வருகிற மனுஷனுக்கு, வீட்டுக்குள் நுழையும்போது தொண்டையில் வெறும் காற்றுதான் மிச்சம்.

வேலையே கத்துவதுதான். கரையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் எண்ணெய் வயல். அதன் எல்லைக்குள் மீன்பிடிப் படகு நுழைந்தால் விரட்ட வேண்டும். எம்போங்கும் ஒரு காலத்தில் தூண்டில் போட்டவர். திருடன் வழி திருடனுக்குத்தான் தெரியும் என்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். விரட்ட வேண்டியவர்களில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அன்று காலையிலிருந்தே அவர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எண்ணெயை வாங்கிச் சேர்த்து வைக்கும் மிதவைக் கப்பலை இழுவைக் கப்பல்கள் கொண்டுவந்துகொண்டிருந்தன. அந்தப் பூதத்தைக் கட்டிப்போடும் சங்கிலிகளை முன்கூட்டியே கடலடியில் நங்கூரமிட்டுப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சங்கிலி நுனிக்கும் ஒரு மஞ்சள் மிதவை. மிதவையைத் தூக்கினால் சங்கிலி பின்னாலேயே வரும். கப்பலில் மாட்ட வேண்டியதுதான். "இன்னொரு தடவை மிதவையில வலை, கயிறுன்னு எதையாவது பார்த்தேன், வேற காவல் படகு வந்துரும்" என்று மேற்பார்வையாளர் ஃபவ்ஸான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

ஐந்தாம் மிதவை பச்சையாகத் தெரிந்தது.

தென்னை ஓலை! கயிற்றில் வரிசையாகக் கோத்த புத்தம்புது ஓலைகள் தண்ணீருக்குள் தொங்கின. அந்த நிழலுக்குக் கானாங்கெளுத்திக் கூட்டம் வந்து மின்னிக்கொண்டிருந்தது. யாரோ அதை உன்ஜாம், அதாவது மீன் கூடும் ஓலை நிழல், ஆக்கி மீன் சேர்க்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்திலேயே படகில் காலை நீட்டிச் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தான் சவுதாவின் தம்பி டெராமான்.

"டேய்! அதுல என்னடா கட்டி வெச்சிருக்க?"

"உன்ஜாம், மச்சான். நீங்க பார்த்ததே இல்லையா?"

"அது கம்பெனி மிதவைடா!"

"நீங்கதானே காபிக் கடையில அளந்தீங்க. எந்தப் புயலுக்கும் அசையாது, கீழ யானை கனத்துல நங்கூரம் கிடக்குன்னு. நான் போடற கல்மூட்டை வருஷா வருஷம் அடிச்சிட்டுப் போகுது. அதான் இங்க கட்டினேன்."

எம்போங்குக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பின்னால் அவருடைய படகாட்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள்.

வெட்டி எறிய அரை நிமிஷம் போதும். கத்தி இடுப்பிலேயே இருந்தது. ஆனால் அடுத்தவன் உன்ஜாமை, அவன் வாயால் சரி என்று சொல்லாமல் வெட்டியவனை அந்தக் கரையில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சட்டி கழுவக்கூட ஆள் வராது. எம்போங் வீட்டிலோ அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம்.

"வெட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுடா."

"மாட்டேன். இன்னும் ரெண்டு நாள்ல சூரை மீன் வந்துரும்."

"அங்க வர்ற கப்பலைப் பாரு! கடலடிக் கிணத்துலேர்ந்து அதுக்குக் குழாய் ஏறும். சங்கிலி சரியா மாட்டலேன்னா கப்பல் நகரும், குழாய் பிய்யும், எண்ணெயெல்லாம் உன் சூரை வாயிலதான்!"

"அதை அப்ப பார்த்துக்கலாம்."

வானொலியில் ஃபவ்ஸானின் குரல் கரகரத்தது. "காவல் படகு, அஞ்சாம் மிதவை சுத்தமா?"

"சுத்தம் பண்ணிட்டே இருக்கேன் சார்."

எம்போங் இந்தப் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "டெராமான், என் வேலை போயிரும்டா."

டெராமான் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? குழாயாம், கிணறாம்! சரி, நான் எங்க போய்க் கட்டறது?"

எம்போங் காவல் படகின் பின்பக்கம் போனார். சொந்தப் படகை விற்றபோது அதன் நங்கூரத்தை மட்டும் விற்க மனசு வராமல் அங்கே போட்டு வைத்திருந்தார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி டெராமானின் படகில் இறக்கினார்கள். அவன் அதைத் தடவிப் பார்த்தான்.

"வெட்டுங்க, மச்சான்."

வெட்டினார். ஓலைச் சரத்தைக் காவல் படகே மெல்ல இழுத்துக்கொண்டு எல்லைக்கு வெளியே போனது. டெராமான் கூடவே வந்தான். மீன்களும் கல்யாண ஊர்வலம் மாதிரி பின்னாலேயே வந்தன. தூரத்தில் இழுவைக் கப்பல் ஐந்தாம் மிதவையைப் பிடித்துத் தூக்க, சேறு வழியச் சங்கிலி மேலேறியது. "அஞ்சு நல்லா வந்துருச்சு" என்றது வானொலி. எம்போங் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"மச்சான்."

"இன்னும் என்னடா?"

"நங்கூரம் சரி. எழுபது மீட்டர் ஆழத்துக்குக் கயிறு யார் தருவா?"

எம்போங் அவனை முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு படகிலிருந்த புதுக் கயிற்றுச் சுருளைத் தூக்கி அவன் தலைமேலேயே வீசினார்.