பிஞ்சுக் கையில் ஒரு லைன்

குழந்தைகள் வார்டு நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்குப் பாதி வேலை, பிஞ்சுக் கைகளில் நரம்பு தேடி ட்ரிப்ஸ் ஏற்றுவது. ஊசியை உருவிய பிறகு நரம்புக்குள் நிற்கும் மெல்லிய குழாயைத்தான் ‘லைன்’ என்போம். ஊசி குத்தும்போது பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அப்பா அம்மாக்களே, இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த வலிதான்.

சாமிக்கு வைத்த முடி

வாந்தி பேதியில் துவண்டு வந்தது ஒரு பெண் குழந்தை. கண் குழி விழுந்திருந்தது. கையிலும் காலிலும் நரம்பே எழும்பவில்லை. மண்டையில் ஒன்று பச்சையாய்த் தெரிந்தது. அங்கே முடியை மழித்தாக வேண்டும். “முதல் மொட்டை குலசாமிக்குன்னு வேண்டிக்கிட்டிருக்கோம், வேணாம் சிஸ்டர்” என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளேடோடு நின்றேன். கடலைக் கொல்லையிலிருந்து மண் காலோடு வந்திருந்த அவள் புருஷன்தான் அவளை விலக்கினான்.

உடம்பில் நீர் ஏறி, சாயங்காலம் குழந்தை மூத்திரம் பெய்து தாயின் புடவையை நனைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அவள் அந்த மழித்த இடத்தைத் தடவித் தடவி அழுதாள். “அழுவாத, சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றான் புருஷன்.

பசி என்றார்கள்

பேரணாம்பட்டிலிருந்து ஒரு கைக்குழந்தை. வேறொரு ஆஸ்பத்திரியில் லைன் போட்டு, பிடுங்கிக்கொள்ளக் கூடாதென்று விரல் நுனி வரை கட்டுச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ட்ரிப்ஸ் சொட்டிக்கொண்டே இருந்தது, அழுகையும் நிற்கவில்லை. கட்டைப் பிரித்தேன். கை பன் மாதிரி வீங்கி, சில்லிட்டு, பளபளத்தது. குழாய் நரம்பைவிட்டு விலகி, மருந்துத் தண்ணீரெல்லாம் சதைக்குள் போயிருந்தது.

குழாயை எடுத்து, கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தோம். மறுநாள் வடிந்துவிட்டது. அந்த அம்மா பீடி சுற்றுகிறவர். கோபமே இல்லாமல் சொன்னார்: “ஆம்புலன்ஸ் வேன்ல வரும்போதே கூட வந்தவங்ககிட்ட சொன்னேன் சிஸ்டர், கை வலிக்குதுபோலன்னு. பசிக்கு அழுவுது, பேஜார் பண்ணாதம்மான்னுட்டாங்க.”

தழும்பு

பிறந்து சில நாளே ஆன ஒரு பையனுக்கு வலிப்பு. கால்சியம் ஏற்றியே ஆக வேண்டும். அது நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியும் கடைசியில் ஊசி போட்ட இடம் சிவந்தது. உடனே நிறுத்தி, தேங்கியதை அதே குழாய் வழியாகச் சிரிஞ்சில் இழுத்த பிறகே குழாயை எடுத்தோம். பையன் பிழைத்தான். புறங்கையில் மட்டும் தோல் கறுத்து உரிந்து, தழும்பாக நின்றுவிட்டது.

தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் கைக்குத்தான் போகும். ஒருமுறை மனசு தாங்காமல் அவன் அப்பாவிடம் வருத்தம் சொன்னேன். ராணிப்பேட்டை டேனரியில் தோல் பதனிடும் வேலை அவருக்கு, நகமெல்லாம் சாயம். “தோல்ல விழுந்த மார்க் போவாது சிஸ்டர், எங்க வேலையே அதானே. புள்ள கீறான்ல, போதும்” என்றார்.

ஊசி போடுகிற கைக்கு ‘ராசியான கை’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். போட்ட ஊசியைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற கண்ணுக்கு மட்டும் இன்னும் யாரும் ஒரு பேர் வைக்கவில்லை.