பாலன் பிறந்த பாட்டு

என் அப்பா தோட்டத்து உபதேசியார். எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போ பக்கத்து ரப்பர் பால்மரத் தோட்டங்களில் சைக்கிள் மிதித்துச் சுவிசேஷம் சொன்னவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நின்ற எங்கள் லயத்தில் வேதக்காரர் வீடு என்றால் எங்கள் வீடு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அம்மாவும் நானும்தான் கூட்டம். ஒரு ஆத்துமாகூடத் தேறலையே என்று டவுன் சபையில் முகத்துக்கு நேரே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபேன் காற்றில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு என்ன வலிக்கிறது? அப்பா சிரித்துவிட்டு வந்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் வந்தால் மட்டும் எங்கள் வீடு தாங்காது. கீத பவனிக்கு ஆள் வேண்டுமே! மாரியம்மன் கோயில் பூசாரி அண்ணன் உறுமியோடு வருவார். அவர் பின்னாலேயே லயம் முழுக்க வரும். அப்பா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாட்டு, பாலன் பிறந்த பாட்டு. வீடு வீடாக அதையே பாடிவிட்டு, அம்மா சுட்ட முறுக்கைத் தின்று தீர்ப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அப்பா திடீரென்று போய்விட்டார். பாட்டு இல்லாமல் என்னை மண்ணில் வைக்காதே என்று எப்போதோ அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். ஆற்றில் வெள்ளம், பாலம் முழுகிவிட்டது, டவுனிலிருந்து போதகர் வர வழியில்லை. உடலை அதற்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. லயத்து ஆண்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். குழியருகில் ஜெபத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். பாட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அம்மாவுக்கும் குரல் எழவில்லை. பாடு, பாடு என்று என் கையைக் கிள்ளினாள்.

பூசாரி அண்ணன் முன்னால் வந்தார். நெற்றித் திருநீறு மழையில் கரைந்து வழிந்தது.

"அக்கா, உபதேசியார் பாட்டு எங்களுக்குத் தெரியும் லா. பாடவா?"

அம்மா தலையாட்டினாள். அவர் தொடங்கினார். ஐயோ, பாலன் பிறந்த பாட்டு! பிணக்குழி முன்னால்! தடுக்கப் போனேன், அதற்குள் லயமே சேர்ந்துகொண்டது. ஒரு சொல் பிசகவில்லை. அப்பா மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தி, அவர் மாதிரியே இழுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது. இரண்டாவது சரணத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

வெள்ளம் வடிந்ததும் போதகர் வந்தார். அடக்கத்தில் பாடுவதற்குச் சபையார் ஒருவர்கூட இல்லாமல் போனதே என்று வருந்தினார்.

"இருந்தாங்க ஐயா," என்றாள் அம்மா. "அவரோட சபை மொத்தமும் இருந்துச்சு."