போயிட்டு வரேன், மேடம்

எங்கள் வீட்டில் வெளியே கிளம்பும்போது யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. "போறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். சித்தியின் உத்தரவு. ஊரே ஒரு மாதிரி சொன்னால் எங்கள் வீட்டில் தலைகீழ். ஏன் என்று கேட்பவர்களிடம் அம்மா ஏதோ சொல்லி மழுப்புவாள். நான் மழுப்பப் போவதில்லை. இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து சித்தியின் இடது மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சித்தி, அதாவது என் அம்மாவின் தங்கை, ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் பதினாறு வருடம் வார்டனாக இருந்தாள். கெட்டவள் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பாள். குழாய் ஒழுகுகிறதா? பார்க்கலாம். மின்விசிறி ஓடவில்லையா? பார்க்கலாம். பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே "பார்க்கலாம் மேடம்". பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம், அது யாருக்குத்தான் தெரியாது?

அந்த விடுதிக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வியாழக்கிழமைகளில் வருவார். அவரைப் பார்க்க மாணவி ஒரு சீட்டு எழுதி, வார்டனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவசரம் என்றால் எந்த நாளும் வார்டன் போன் போட்டு அவரை வரவழைக்கலாம். அந்த எண் சித்தியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் இருந்தது, செல்போனிலும் இருந்தது. அதை அவள் ஒரு தடவைகூட அழைத்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை 5:20. கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒரு தட்டு. வந்தவள் இரண்டாம் வருட மாணவி. தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். கண்ணாடிக்காரி என்றால் விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

"மேடம், பதினோரு நாளா தூக்கமே இல்ல. மனசு என்னென்னவோ சொல்லுது. எனக்கே என்னை நெனச்சா பயமா இருக்கு."

சித்தி வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "பரீட்சை நேரம், எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும். சீட்டை வெச்சிட்டுப் போ. வியாழக்கிழமை பார்க்கலாம்."

"இன்னைக்கே முடியாதா மேடம்?"

"பார்க்கலாம்மா."

அவள் சீட்டை மேஜையில் வைத்தாள். பிறகு, "அப்ப நான் போறேன் மேடம்" என்றாள்.

சித்தி அப்போதுதான் தலையைத் தூக்கினாள். அதுவரை தூக்காத தலையை இதற்குத் தூக்கினாள்! "போறேன்னு சொல்லக் கூடாது பொண்ணே. போயிட்டு வரேன்னு சொல்லு."

"...போயிட்டு வரேன், மேடம்."

மறுநாள் காலையில் அவள் உயிரோடு இல்லை. எப்படி என்று நான் எழுத மாட்டேன், அது உங்களுக்குத் தேவையும் இல்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் சித்தி சொன்னது ஒரே வரி. "என்கிட்ட யாரும் வரல." சீட்டு மேஜை டிராயரின் அடியில் மடித்துக் கிடந்தது. என் சித்திதான், என்னைத் தூக்கி வளர்த்தவள்தான். ஆனாலும் அந்த ஒரு வரியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூன்று வாரம் போனது. கண்ணாடிக்காரியோடு 312ஆம் அறையில் தங்கியிருந்த முதல் வருடப் பெண் யாரோடும் பேசுவதில்லை. சாப்பிட வருவதில்லை. நான்காவது செவ்வாய் மதியம் பக்கத்து அறைப் பெண்கள் சித்தியிடம் வந்தார்கள்.

"மேடம், அவ மூணு நாளா சாப்பிடல. அக்கா போன இடத்துக்கே நானும் போறேன்னு சொல்றா. பயமா இருக்கு மேடம்."

சித்தி என்ன சொல்லியிருப்பாள்? அதேதான்.

மாலை 5:05. சித்தி கூடத்தில் வருகை எடுத்தாள். நாற்பத்தைந்து. "உள்ளேன் மேடம்." நாற்பத்தாறு. "உள்ளேன் மேடம்." நாற்பத்தேழு கண்ணாடிக்காரியின் எண். சிவப்பு மையால் அடித்திருந்தது. அதைத் தாண்டி அவள் அறைத் தோழியின் எண்ணான நாற்பத்தெட்டு என்று வாயைத் திறப்பதற்குள்...

"உள்ளேன் மேடம்."

சித்தி நிமிர்ந்தாள். பெண்கள் சும்மா நின்றிருந்தார்கள். யாருக்கும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. தலைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. 312இலிருந்து அந்தப் பெண் வரவில்லை என்பதை அவள் கவனிக்கவே இல்லை. கணக்கு எப்படிச் சரியாக வந்தது என்றும் அப்போது தோன்றவில்லை.

5:17. அறைக்கு வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தண்ணீர் குடித்தாள்.

5:20.

டக். டக்.

...டக்.

"யாரு?"

கதவின் கீழ் இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது.

"யாருன்னு கேக்கறேன்ல?"

"போயிட்டு வந்துட்டேன், மேடம்."

சித்தி ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறக்கவில்லை. வெளியே பூட்டே கிடையாது அந்தக் கதவுக்கு.

"கதவைத் தொறம்மா... தொற!"

வெளியிலிருந்து மெதுவாக, சித்தியின் சொந்தக் குரலிலேயே...

"வியாழக்கிழமை பார்க்கலாம்."

விளக்கு அணைந்தது. எரிந்தது.

சித்தி கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "தப்புதாம்மா. நீ வந்தே. எங்கிட்டதான் வந்தே. நான் பொய் சொல்லிட்டேன். உனக்கு என்ன வேணும்?"

பின்னால் சத்தம். எப்போதும் சிக்கிக்கொள்ளும் டிராயர் தானாகத் திறந்தது. உள்ளே மேலாக ஒரு சீட்டு. பழையது இல்லை. ஆனால் அதே கையெழுத்து.

'என் அறைத் தோழிக்கு உதவி வேண்டும். அறை 312. இன்றே.'

சித்தி கையெழுத்துப் போட்டாள்.

கதவு தானாகத் திறந்தது.

யாரும் இல்லை.

மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

சில்லென்று. இறுக்கமாக.

இழுத்தது.

ஒரு மாடி. இரண்டு மாடி. சித்தியின் செருப்பு படியிலேயே கழன்றது. பிடி விடவில்லை.

312.

உள்ளே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. "மேடம், என்னைத் தனியா விட்டுடாதீங்க" என்றாள். சித்தி தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டே மறுகையால் போன் போட்டாள். முதலில் ஆலோசகர். அடுத்து ஆம்புலன்ஸ். அடுத்து அந்தப் பெண்ணின் அப்பா. 5:46க்கு ஆலோசகர் வந்துவிட்டார். போன் போட்டு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குக் கண்ணாடிக்காரிக்கும் இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும். சித்தி என் அம்மாவிடம் இதைச் சொல்லும்போதுதான் வாய்விட்டு அழுதாளாம்.

அந்தப் பெண் பிழைத்தாள். சிகிச்சை எடுத்தாள், படிப்பை முடித்தாள், இப்போது வேலையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது இது. "அக்கா மத்தியானத்துலேர்ந்து என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. அஞ்சு மணிக்கு, உனக்குப் பதிலா நான் போய் உள்ளேன்னு சொல்லிட்டு மேடத்தைக் கூட்டிட்டு வரேன்னு போனாங்க."

ஆம்புலன்ஸ் கிளம்பியபோது வாசலில் சித்தி தனியாக நின்றாள். அப்போதுதான் மணிக்கட்டில் பிடி விட்டது. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். அந்தத் தடம் இன்னும் போகவில்லை. காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது.

"போயிட்டு வரேன், மேடம்."

மறுநாளே சித்தி விசாரணை அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னாள். வேலை போனது. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

விசாரணை அதிகாரி அந்த டிராயரைத் திறந்தபோது உள்ளே இரண்டு சீட்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தன. மூன்றும் கண்ணாடிக்காரியின் எழுத்துதான் என்று அவளைப் பெற்றவர்களே சொல்லிவிட்டார்கள். மூன்றாவதில் இப்படி எழுதியிருந்தது.

'பார்க்க வேண்டியவர்: வார்டன் மேடம். நாள்: செவ்வாய். நேரம்: மாலை 5:20.'

தேதி மட்டும் போடவில்லை.