இட்லி மாவுக்கு வந்த தடை

போன சனிக்கிழமை வரை எங்கள் வீட்டில் இட்லி மாவுக்குத் தடை. போட்டது அரசாங்கம் இல்லை... என் மருமகள் ஜெனிட்டா!

ஆஸ்டின் டவுனில் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கிரைண்டர் ஓடாத வாரம் உண்டா? அரைத்த மாவைக் கையால்தான் கரைக்க வேண்டும், கரண்டி போட்டால் பொங்காது என்பது என் கட்சி. அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வேலையை ஜெனிட்டாவிடம் விட்டிருந்தேன். ஆசையாகத்தான் செய்தாள்.

அவளுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நம் ரத்தத்தில் இருக்கிற செல்லை எடுத்து, அதன் போக்கையே மாற்றி, இதயத் தசையாக வளர்க்கிறார்களாம். புது மருந்தை முதலில் அந்தத் தசையில் சோதித்துப் பார்க்கலாம் — நோயாளியின் நெஞ்சில் இல்லை. நல்ல விஷயம்தானே? ஆனால் அந்தச் செல்களுக்குத் தவறாமல் தீனி போட வேண்டும். லீவு நாள் கிடையாது. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஓடுவாள்.

ஒரு ஞாயிறு, முகம் தொங்கிப்போய் வந்தாள்.

"எல்லாம் கலங்கிப்போச்சு அத்தை. தட்டு பூரா ஈஸ்ட். ரெண்டாவது வாட்டி. இப்படியே போச்சுன்னா வேலையை நிறுத்திடுன்னு சார் சொல்லிட்டாரு."

"ஈஸ்ட்டா? பன்னுல போடுறதா?"

"அந்த ஜாதிதான். நம்ம மாவுலயும் இருக்கும். என் கையில ஒட்டிட்டு வருதோன்னு சந்தேகமா இருக்கு. கொஞ்ச நாள் மாவு வேணாமே அத்தை..."

எனக்குச் சுருக்கென்றது. என் மாவா? போதாக்குறைக்கு என் மகன் வேறு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று இந்த ஊர்க் கன்னடம் கலந்து பெண்டாட்டிக்கு வக்காலத்து! கிரைண்டரைத் துணி போட்டு மூடினேன். காலையில் உப்புமா. மறுநாளும் உப்புமா. வேண்டுமென்றேதான் செய்தேன்.

சில வாரம் போனது. ஒரு சாயங்காலம் ஜெனிட்டா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"மறுபடியும் கலங்கிடுச்சு அத்தை." அழுகை. "காரணம் மாவு இல்ல. செல் வளக்குற பொட்டிக்குள்ள ஈரத்துக்காக ஒரு தண்ணித் தட்டு வெப்போம். அதைச் சோதிச்சுப் பாத்தேன்... அதுலதான் இருந்துருக்கு. உங்க மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன். சாரி."

என் மாவு நிரபராதி! இதற்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்த வசனங்கள் கொஞ்சமா? ஆனால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாளே! முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"சார் என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்டேன்.

"காரணம் கெடச்சதால, கடைசியா ஒரு சான்ஸ்."

"அப்போ அது முடியுற வரைக்கும் மாவு வேணாம்." இந்த முறை தடை போட்டது நான்!

நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அன்றே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மாமியார்-மருமகள் கேஸ் என்றால் மேல்முறையீடே கிடையாது. இவள் சந்தேகத்தையே சோதித்துப் பார்த்தாள். தப்பு என்று தெரிந்ததும் நேரே என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

போன சனிக்கிழமை மத்தியானம் போனை நீட்டினாள். வீடியோ. கண்ணாடித் தட்டில் வெளுப்பாக ஒரு படலம். சுருங்கியது... விரிந்தது... மறுபடி சுருங்கியது.

"துடிக்குது அத்தை!"

உடம்பே இல்லாமல், தன்பாட்டுக்குத் துடிக்கிற ஒரு துளி இதயம். சிலிர்த்துவிட்டது எனக்கு. அவளைக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கிரைண்டர் ஓடியது. "நானே கரைக்கிறேன்" என்று வந்து உட்கார்ந்தாள் ஜெனிட்டா. கை மாவில், பேச்செல்லாம் அந்தத் துடிப்பில். அந்தச் சந்தோஷத்தில் உப்புப் போடவே மறந்துவிட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல மனசு வரவில்லை.

ஞாயிறு காலை எல்லாரும் திருப்தியாக இட்லி சாப்பிட்டோம். சட்னியில் மட்டும் நான் கொஞ்சம் உப்பைக் கூடுதலாகப் போட்டிருந்தேன்!