வாயுச்சுழலிக் கார் வரலாற்றின் ஒரே பிரதி

யுத்தம் எங்கள் ஊருக்குள் வருமுன், துறைமுகக் கந்தோர் ஒன்றில் நான் தலைமைப் படவரைஞனாக இருந்தேன். பொறியியல் வரைதலைக் கல்லூரியில் முறையாகக் கற்றவன். என் கையொப்பம் இல்லாத வரைபடம் எதுவும் வேலைத்தளத்துக்குப் போனதில்லை. எங்கள் ஊரான அன்புவழிபுரத்தில் என்னை எதிர்ப்படுவோர் சைக்கிளை விட்டிறங்கி வணக்கம் சொல்வார்கள். பின்னர் இழந்தது இன்னதென்று விளங்க, இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கந்தோர் வாசிகசாலைக்கு வந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளில்தான் வாயுச்சுழலிக் காரைப் பற்றி அறிந்தேன். விமானத்தை உந்தும் எந்திரத்தைச் சிறிதாக்கிக் காருக்குப் பூட்டியிருந்தார்கள். அதில் பிஸ்டன் கிடையாது. அமுக்கப்பட்ட காற்றில் எரிபொருள் எரிய, அந்தச் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சி வண்டியை நகர்த்தும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் அத்தகைய கார் ஒன்று ஓடியது. பின்னர் அமெரிக்கக் கம்பனியொன்று ஐம்பது வரையான கார்களைச் செய்து, சாதாரணக் குடும்பங்களுக்குச் சில மாதங்கள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. டீசலிலும் ஓடும், மண்ணெண்ணெயிலும் ஓடும். ஆனால் நின்ற இடத்திலும் எண்ணெயைக் குடித்தது. மிதித்தால் தாமதித்தே பாய்ந்தது. முடிவில் கம்பனி அவற்றைத் திருப்பியெடுத்து, மிகச் சிலவற்றைத் தவிர ஏனையவற்றை அழித்துவிட்டது.

இந்த வரலாற்றைத் தமிழில் எழுதினேன். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு, இரண்டு தடித்த கொப்பிகள். படங்களில் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தமிழிலேயே எழுதினேன். பிறமொழி எழுத்து ஒன்றும் அதில் விழக் கூடாதென்பது என் வைராக்கியம். வேறொருவர் தம்முடையதென்று சொல்லிக்கொள்வார் என்ற எண்ணத்தில் பிரதியெடுக்கவும் கொடுக்கவில்லை.

யுத்தம் வந்தபின், இராணுவத்தின் சுற்றிவளைப்பு வரப்போகிறதென்று கதை அடிபட்டால், ஊரில் எல்லோரும் சந்தேகத்துக்கு இடமான தாள்களை அடுப்பில் போட்டுவிடுவார்கள். என் மனைவியின் தம்பி கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்தவன். அப்படிக் கதை அடிபட்ட ஒரு நாள் அவன் கொப்பியைப் புரட்டிப் பார்த்தான்.

“அத்தான், இது குண்டு மாதிரியெல்லோ கிடக்கு.”

“அது எரியறை.”

“பேரும் அப்பிடித்தான். எரிக்க மனமில்லையெண்டால் கிணத்தடியில தாட்டுவிடுங்கோ.”

“மறைத்து வைக்க நான் என்ன குற்றவாளியோ?” என்றேன். கொப்பிகளைக் கண்ணாடி அலுமாரியிலேயே வைத்தேன்.

மறுநாள் காலை வீட்டைச் சோதித்தவர்கள் கொப்பிகளையும் என்னையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி என் கீழ் வேலை பார்த்தவர்களிலும் இளையவன். எரியறைப் படத்தைக் காட்டி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான். படத்திலிருந்த ஓர் எழுத்தையும் அவனால் வாசிக்க ஏலாது. ஆங்கிலத்தில் பெயரிட்டிருந்தால் ஒருவேளை வாசித்திருப்பான். வேலைத்தளத்தில் பழகிய சிங்களம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் அவன் முன் பிழையாகப் பேசுவது என் தகுதிக்குக் குறைவென்று கருதி, திருத்தமான ஆங்கிலத்தில் நீளமாக விளக்கினேன். அவன் முகம் இறுகியது. என்னை மர வாங்கொன்றில் இருத்திவிட்டுப் போய்விட்டான்.

பின்னேரம் மைத்துனன் என்னைத் தேடி வந்தான். சிங்களம் நன்றாகப் பேசுவான் என்பதால் உள்ளே விட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

“இந்தக் கார் இப்ப எங்க நிக்குதெண்டு கேக்கிறார், அத்தான்.”

“எங்கும் இல்லை. செய்தவர்களே பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள்.”

“எதில ஓடுமாம்?”

“மண்ணெண்ணெயிலும் ஓடும்.”

மண்ணெண்ணெய்க்கு இராணுவம் கட்டுப்பாடு விதித்திருந்த காலம். மைத்துனன் என்னைப் பார்த்தான். “அதைச் சொல்லத்தான் வேணுமோ?”

“உள்ளதைச் சொல்லு.”

அவன் அதிகாரியிடம் வேறெதையோ சொன்னான். சொல்லும்போது விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். எனக்கு விசர் என்று சொன்னது தெளிவாக விளங்கியது. அதிகாரி முதன்முறையாகச் சிரித்துவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தான். மறுக்க அந்த அரைகுறைச் சிங்களமே போதும். மறுத்திருந்தால் பொய் சொன்ன குற்றத்துக்கு மைத்துனனும் என்னோடு அங்கே இருந்திருப்பான். நான் தலை குனிந்தேன்.

எங்களை விட்டார்கள்; கொப்பிகளைத் தரவில்லை. வாசலுக்குப் போகும் வழியில், முகாமின் குசினியில் ஒருவன் தாள்களைக் கிழித்து அடுப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மேலே கிடந்தது பந்தயக் கார் அத்தியாயம். முன்னணியில் ஓடிய சுழலிக் காரொன்று, சுழல்தண்டைத் தாங்கும் சிறியதொரு பெயாரிங் உடைந்து, பந்தய முடிவெல்லைக்கு அருகில் நின்றுபோன கதை அது. நான் நிற்கவில்லை.

எனக்கு விசர் என்ற கதை ஊரிலும் கந்தோரிலும் பரவியது. அடுத்த மாதம் முதல் என் வரைபடங்களை இன்னொருவர் சரிபார்த்த பின்பே வேலைத்தளத்துக்கு அனுப்பினார்கள். தெருவில் சைக்கிளை விட்டிறங்குவோரும் இல்லை. ஒரு கலியாண வீட்டில் மைத்துனனே அந்த முகாம் கதையைச் சொல்லிப் பந்தியைச் சிரிக்க வைத்தான். என்னைக் காப்பாற்றியவனிடம் நான் என்ன கேட்பது? திரும்ப எழுத உட்கார்ந்தபோது வாசிகசாலையில் அந்தப் பழைய சஞ்சிகைகளும் இல்லை, கையும் ஓடவில்லை. விசரன் எழுதும் வரலாற்றை வாசிக்க யார் இருக்கிறார்கள்?

நான் வீட்டுக்குப் பின்னால் மண்ணெண்ணெய்க் கார் செய்ததாகவும், அது வெடித்ததால்தான் பிடிபட்டதாகவும் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. நான் எழுதியது வரலாறு. எந்தக் காரையும் நான் செய்யவில்லை; எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது.